1.9 லட்சம் கி.மீ. ஓடிய ஸ்ப்ளெண்டர்: இரும்புக் கடைக்குப் போகாமல் நல்ல கையில் சேர்ப்பது எப்படி?

வைகைக்கரை:
வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். 2003 ஜூன் பதிவு, மதுரை வடக்கு, டிஎன் 59. ஒரே உரிமையாளர். ஓட்டம் சுமார் 1.9 லட்சம் கி.மீ. 2018, 2023 இரண்டு முறையும் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பித்தாயிற்று, 2028 ஜூன் வரை செல்லும். கடன் பாக்கி இல்லை. இன்சூரன்ஸ் மட்டும் முடிந்துவிட்டது.

குறைகள்: காலையில் முதல் கிக்கில் கொஞ்சம் நீலப்புகை வந்து ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். டைமிங் செயின் சத்தம் உண்டு. முன் ஃபோர்க்கில் இடப்பக்கம் ஆயில் கசிகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கி நிற்கிறது.

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் 7,000 தருகிறார்களாம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும், பெயரை அவர்களே பிறகு மாற்றிக்கொள்வார்களாம். எனக்குப் பணம் பெரிதில்லை. இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய வண்டி, ஓட்டுபவர் கையில் போய்ச் சேர வேண்டும். ஆறு வாரத்தில் வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறேன், அதற்குள் முடியுமா? யாருக்குக் கொடுப்பது, கொடுக்கும் முன் எதைச் சரிசெய்வது?

படிவம்29:
முதலில் கன்சல்டிங் விஷயம். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அந்தத் தாள் கை மாறிக்கொண்டே போகும்; வண்டியை ஓட்டுவது யார் என்பது கடைசியில் கன்சல்டிங்காரருக்கே தெரியாது. சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், விற்ற வண்டி பல கை மாறிய பிறகு விபத்து நடந்தது. ஆர்.சி.யில் பெயர் மாறாததால் முதலில் விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று ஆனது. நீங்கள் ஊரில் இருக்கப் போவதில்லை என்பதால் சம்மன் வந்தால் வீட்டில் உள்ளவர்கள்தான் அலைவார்கள்.

ஆறு வாரம் தாராளம். இந்த வரிசையில் போங்கள்.

இன்சூரன்ஸை முதலில் போடுங்கள். நடப்பு இன்சூரன்ஸும் புகைச்சான்றும் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. 75 முதல் 150 சிசி வரையிலான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் 2022 ஜூன் கட்டண அறிவிப்பின்படி வருடத்துக்கு 714 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. இந்த வயது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடே போதும்.

அடுத்து, பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தளத்தில் உங்கள் ஆர்.சி.யுடன் எந்தக் கைபேசி எண் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 2003 வண்டிகளில் எண்ணே இருக்காது, அல்லது என்றோ விட்டுவிட்ட எண் இருக்கும். ஓடிபி அங்கேதான் போகும். பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கூடவே இ-சலான் பாக்கி, பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30 ஒன்று. 29 என்பது விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு, 30 என்பது வாங்குபவரின் விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்ற 14 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். இரண்டையும் ஒரே நாளில் சேர்ந்து செய்துவிடுவதே நல்லது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச்சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்று, பான் அட்டை நகல், சேஸ் எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரிண்ட், எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். வேறு மாநிலத்துக்காரர் என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். உங்கள் அவகாசத்துக்கு அது வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் இருப்பவரையே பாருங்கள்.

கேம்செயின்:
அண்ணே, நீங்க சொன்ன நாலு குறையில எதை இப்பவே பாக்கணும், எதைச் சொல்லிட்டுக் கொடுத்தாப் போதும்னு பிரிச்சுக்கலாம்.

ஹேண்டில் நேரா வர்ற இடத்துல சிக்குதுன்னா கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்து பேரிங் போச்சு. பால்ஸ் ஒரே இடத்துல குத்திக் குத்தி, அது ஓடுற வளையமான ரேஸ்ல பள்ளம் விழுந்திருக்கும். நட்டை லூஸ் பண்ணி ஓட்டலாம்னு யாராவது சொன்னாக் கேக்காதீங்க, பிரேக் அடிச்சா முன்பக்கம் டக்குனு ஆடும். மேல ரேஸ், கீழ ரேஸ், பால்ஸ் எல்லாம் புதுசாப் போடணும். ஃபோர்க்கை எப்படியும் கழட்டுறதால அதே நேரத்துல ரெண்டு பக்கமும் ஆயில் சீல் மாத்திருங்க, கசியாத பக்கத்தையும் சேத்து. ஃபோர்க் பைப்புல சீல் உரசுற இடத்தை நகத்தால தடவிப் பாக்கச் சொல்லுங்க. துருப் புள்ளி இருந்தா புது சீலும் ரெண்டு மாசத்துல கிழியும், பைப்பையே மாத்தணும். கசியுற ஆயில் கீழ பிரேக் பிளேட்டுக்குள்ள இறங்கி பிரேக் லைனரை நனைச்சிருக்கலாம். நனைஞ்ச லைனரைப் பெட்ரோல்ல கழுவி மாட்டாதீங்க, சூடு ஏறுனா உள்ள ஊறுன எண்ணெய் திரும்ப வெளிய வரும். புதுசு போடுங்க.

புகை: காலையில மட்டும் வந்து நின்னுருதுன்னா பெரும்பாலும் வால்வு ஆயில் சீல். ராத்திரி முழுக்க வால்வு தண்டு வழியா சொட்டுன ஆயில் முதல் கிக்குல எரியுது. ஓட்டும்போது ஆக்சிலேட்டர் முறுக்குறப்பல்லாம் புகைஞ்சாதான் பிஸ்டன் ரிங்கோ, பிஸ்டன் ஓடுற குழாயான போரோ தேஞ்சதுன்னு அர்த்தம். ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஆயிலை மேல் கோட்டு வரைக்கும் ஊத்தி 500 கி.மீ. ஓட்டிட்டு, திரும்பவும் அதே கோட்டுக்கு வர எவ்வளவு ஊத்த வேண்டியிருக்குன்னு அளந்து பாருங்க. இந்த எஞ்சின்ல டிப்ஸ்டிக்கைத் துடைச்சு உள்ள வைக்கணும், மரை திருகக் கூடாது. திருகிப் பாத்தா உண்மையில இருக்கிறதை விட அதிகமாக் காட்டும். ஆயில் குறையுறது தெரியாம ஓட்டி கேம் ஷாஃப்டையும் ராக்கரையும் காலி பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டைமிங் செயின் சத்தம் மட்டும்னா செயின், கைடு ரோலர், டென்ஷனர் ரோலர் மூணையும் சேத்து மாத்தணும். செயினை மட்டும் போட்டா ரோலர் ரப்பர் தேஞ்சு பழைய சத்தமே திரும்ப வரும். ஆனா அடியில இருந்து 'தொம் தொம்'னு, அதுவும் ஏத்தத்துல மூணாவது கியர்ல லோடு எடுக்கும்போது கேட்டா அது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கன்ராட். அது இருந்தா கதை வேற, கிராங்க்கை வெளிய எடுக்கணும்.

சக்கரம்75:
கேம்செயின் சொன்னதோடு டயரையும் பாருங்கள். இந்த மாடலுக்கு முன்னும் பின்னும் 2.75-18. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் நிறைய இருந்தாலும் ஏழெட்டு வருஷப் பழசு என்றால் ரப்பர் இறுகி மழையில் வழுக்கும். காற்று ஒருவர் ஓட்ட முன்னே 25, பின்னே 28.

பெட்ரோல் டியூபும் முக்கியம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது வருஷப் பழைய ரப்பர் பைப், டேப் வாஷர், கார்புரேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங் எல்லாம் அதில் உப்பிப்போகும் அல்லது வெடித்துக் கசியும். எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்தான். மாற்றாமல் கொடுத்தால் வாங்குபவருக்கு முதல் தொந்தரவு அங்கிருந்துதான் வரும். டேங்க்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைகைக்கரை:
நன்றி. ஏற்றத்தில் தொம் சத்தம் இல்லை. முறுக்கும்போது புகை இல்லை. 500 கி.மீ. கணக்கை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். எஞ்சினைப் பிரித்துப் போர் அடித்து, அதாவது தேய்ந்த போரைக் கடைந்து பெரிதாக்கி, புதுசாக்கிக் கொடுப்பது நல்லதா, அப்படியே கொடுப்பதா?

கேம்செயின்:
பிரிக்காதீங்க. முறுக்குனா புகை இல்லாத எஞ்சினை எதுக்குத் தொடணும்? வால்வு சீல், டைமிங் செட்டோட நிறுத்துங்க. கையில இருக்கிற காசைப் பிரேக், கோன் செட், டயர், கேபிள்ல போடுங்க. எஞ்சின் நின்னா வண்டி ஓரமா நிக்கும். பிரேக் பிடிக்கலைன்னா ஆளு போயிருவாரு.

போர்50:
கேம்செயின் அண்ணன் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். வால்வு சீல் மாற்ற எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றித்தானே ஆகணும்? ஹெட் கையில் இருக்கும்போதே கீழே உள்ள சிலிண்டர் பிளாக்கையும் தூக்கி அளந்துவிடலாம், கூடுதல் கூலி அதிகம் வராது. இதன் போர் 50 மி.மீ. 1.9 லட்சத்துக்கு ஒரு தடவையாவது போர் அடித்திருப்பார்கள். எத்தனை மி.மீ. பெரிய பிஸ்டன் (ஓவர்சைஸ்) என்று அதன் தலையில் 0.25, 0.50 என எண் பொறித்திருக்கும். 1.00 ஓவர்சைஸ் வரை போய்விட்டது என்றால் அடுத்த முறை போர் அடிக்க இடமில்லை, புது பிளாக்தான். அந்த ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தாலே வாங்குபவருக்கு அடுத்து எவ்வளவு செலவு காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. இந்த வண்டியை வாங்கப்போகிறவர் கையில் பத்தாயிரம் பதினைந்தாயிரம்தான் வைத்திருப்பார். ஆறு மாதத்தில் ஐந்தாறாயிரம் எஞ்சின் செலவு வந்தால் வண்டி மெக்கானிக் கடை வாசலிலேயே கிடக்கும். அப்புறம் பார்ட்ஸ் பார்ட்ஸாகப் போகும். தாங்கக்கூடியவர் முன்னாலேயே செய்து கொடுப்பதுதான் சரி.

கேம்செயின்:
அளக்கிறது சரி, ஒத்துக்கிறேன். ஆனா அளவு நல்லா இருந்தா பழைய பிஸ்டன் ரிங்கை அப்படியே மாட்டுங்க, "திறந்தாச்சு, ரிங் மட்டும் புதுசு போட்டுருவோம்"ங்கிற வேலை வேண்டாம். முட்டை வடிவத்துல தேஞ்ச போருக்குள்ள புது ரிங் உக்காராது, இல்லாத புகை வரும். ஒண்ணு முழுசாப் போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும், இல்லாட்டித் தொடக் கூடாது. போர் அடிச்சா முதல் 500 கி.மீ. மெதுவா ஓட்டி ஆயில் மாத்தணும். அதை வாங்குறவர் செய்வாரான்னு நமக்குத் தெரியாது. இவர் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள ஓட்டி முடிக்க முடிஞ்சா மட்டும் இறங்கலாம்.

பால்கேன்:
யாருக்குக் கொடுக்கறதுங்கறதப் பத்தி நானும் சொல்றனுங்க. கிராமத்துப் பக்கம் கொடுத்தா நல்லா வச்சுக்குவாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா வேலை என்னன்னு கேட்டுட்டுத்தான் கொடுக்கணுங்க. ரெண்டு பக்கமும் 40 லிட்டர் பால் கேன் கட்டறவருக்கும், தண்ணி கேன், தீவன மூட்டை ஏத்தறவருக்கும் இந்த வண்டி ஆகாதுங்க. ஸ்போக்ஸ் அறுபடும், பின் ஷாக் படுத்துரும், ஸ்விங் ஆர்ம் புஷ் தேஞ்சு பின்சக்கரம் ஆடும். அந்த வேலைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் தானுங்க சரி. ஸ்ப்ளெண்டரை அந்த வேலைக்குக் கொடுத்தா ஒரு வருசத்துல முடிச்சுருவாங்க.

தனி ஆளா தினம் 20, 30 கி.மீ. ஒரே சீரா ஓட்டறவருக்குக் கொடுங்க. பேப்பர் போடறவர், மில் ஷிஃப்ட்டுக்குப் போறவர், தோட்டத்துக்குப் போய் வர்ற விவசாயி. நிறுத்தறப்ப மேல கூரை இருக்கோணும். தினமும் ஓடற பழைய வண்டி தாங்கும். மாசம் ஒருக்கா எடுக்கறவர் வீட்டுல நின்னுதான் கார்புரேட்டர் அடைச்சு, டேங்க் துரு புடிச்சுக் கெட்டுப் போகுதுங்க.

சக்கரம்75:
காலேஜ் பையன்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வண்டி மேல் மோகம் இருக்கும், ஆனால் முதல் வாரமே சைலன்ஸரை வெட்டி, மட்கார்டைக் கழற்றி, கஃபே ரேசர் என்று ஃபிரேமில் வெல்டிங் வைத்துவிடுவார்கள். பின்பக்க ஃபிரேமை வெட்டிய வண்டி 2028 எஃப்.சி.யில் நிற்காது. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இருப்பது போலச் சேகரிப்பவர் கூட்டமும் இதற்கு இல்லை. இது உழைக்கிற வண்டி, உழைப்பவரிடம்தான் மதிப்பு.

மெட்ராஸ்_மீட்டர்:
இழையில் யாரும் சொல்லாதது: அந்தக் கால மீட்டரில் கி.மீ.க்கு ஐந்து இலக்கம்தான், 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்ஜியம். மீட்டர் இப்போது தொண்ணூறாயிரம் காட்டும். அதைப் பார்த்து "தொண்ணூறுதான் ஓடியிருக்கு" என்று வாங்குபவர் நினைத்துக்கொண்டால் நீங்கள் பொய் சொன்னதாகிவிடும். விளம்பரத்திலும் விற்பனைச் சீட்டிலும் "ஒரு சுற்று முடிந்தது, மொத்தம் சுமார் 1.9 லட்சம்" என்று எழுதுங்கள்.

ஹெட்லைட்டையும் சொல்லிக் கொடுங்கள். இதில் ஹெட்லைட் பேட்டரியில் இல்லை, நேரே எஞ்சினோடு மின்சாரம் தரும் காயிலிலிருந்து எரிகிறது, ஐடிலில் மங்கும், முறுக்கினால் பிரகாசமாகும். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் பேட்டரி போச்சு என்று நினைத்து 2.5 ஆம்பியர் பேட்டரியைத் தூக்கிவிட்டுப் பெரிது மாட்டுவார்கள். ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஈரோட்டு_ரவுண்டு:
நடுவில் ஒரு கேள்வி. ஆர்.சி. இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் நேராக வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியுமா?

படிவம்29:
முடியாது. முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அது முடிந்த பிறகுதான் 29, 30. இறந்தவர் கையெழுத்தை யாராவது போட்டு 29 கொடுத்தால் அது குற்றம், ஏஜெண்ட் சொன்னாலும் செய்யாதீர்கள். நிதி நிறுவனத்தின் பெயர் ஆர்.சி.யில் இன்னும் இருந்தால் படிவம் 35-ம் அவர்களின் தடையின்மைக் கடிதமும் வாங்கி முதலில் அதை நீக்க வேண்டும். கடன் என்றோ முடிந்திருக்கும், பதிவில் பெயர் மட்டும் அப்படியே நிற்கும்.

15 வருஷம் முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் படிவம் 25. தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் வீதம் சேரும் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி சொல்கிறது. மூன்று வருஷம் விட்டால் 10,800; வண்டி விலைக்கே வந்துவிடும். முதலில் அதைக் கணக்குப் போட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். வைகைக்கரை, உங்கள் வண்டிக்கு 2028-இல் அடுத்த புதுப்பிப்பு. 20 வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாகிவிட்டது. பசுமை வரி தனி. வாங்குபவரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை:
ஹெட் கழற்றிப் பார்த்தாயிற்று. பிஸ்டனில் 0.50 என்று இருக்கிறது, போர் அளவு நன்றாகவே இருக்கிறது என்கிறார் மெக்கானிக். வால்வு சீல், டைமிங் செட், கோன் செட், ஃபோர்க் சீல், முன் லைனர், பெட்ரோல் டியூப் போட்டோம். பழைய ரிங்கையே மாட்டியாயிற்று. இன்சூரன்ஸ், புகைச்சான்று கையில்.

மூன்று பேர் கேட்கிறார்கள். ஒருவர் 16,000 தருகிறேன், உடனே எடுத்துக்கொள்கிறேன், ஆர்டிஓவுக்கு வர நேரமில்லை என்கிறார். இன்னொருவர் சமையல் மாஸ்டரிடம் உதவியாளர், விடியற்காலை 3 மணிக்கு மண்டபத்துக்குப் போக வண்டி வேண்டும், 9,000 வரை முடியும், லைசென்ஸ் இருக்கிறது. மூன்றாமவர் ஐடிஐ ஆசிரியர், மாணவர்கள் கழற்றி மாட்டிப் படிக்க இலவசமாகக் கேட்கிறார்.

படிவம்29:
முதலாமவரை விடுங்கள். ஆர்டிஓவுக்கு வராதவர் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். பழைய, விலை குறைந்த, பெயர் மாறாத வண்டியைத்தான் மணல் திருட்டுக்கும் கஞ்சா கடத்தலுக்கும் செயின் பறிப்புக்கும் தேடி எடுப்பார்கள். பிடிபட்டால் போட்டுவிட்டு ஓடிவிடலாம்.

ஐடிஐக்குக் கொடுப்பதும் நல்ல காரியம்தான், ஆனால் ஓடாத வண்டியைக் கொடுங்கள். நன்றாக ஓடும் வண்டியை ஷெட்டில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. அப்படிக் கொடுத்தாலும் நிறுவனத்தின் பெயரில் கடிதம் வாங்கி, ஆர்டிஓவில் பதிவை ரத்து செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே ஆயுள் முடிந்த வண்டி என்றால் அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்று வாங்குங்கள். தெரு இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் வண்டி போய்விடும், பதிவு உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

பால்கேன்:
சமையல் உதவியாளருக்கே கொடுங்க. தினமும் ஓடும், தனி ஆள். கறிகாய் மூட்டை, பாத்திரம் ஏத்துவீங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ராத்திரிப் போறவருங்கறதால ஹெட்லைட் ஹோல்டர், பல்பு, பின் லைட், ரிஃப்ளெக்டர் எல்லாம் புதுசாப் போட்டுக் குடுங்க. அவர் வீட்டுப் பக்கத்துல எந்த மெக்கானிக் இருக்காருன்னு கேட்டு, முடிஞ்சா வண்டியை ஒரு தரம் அவர்கிட்டயே காட்டுங்க. நாளைக்கு அவர்தான் பாக்கப் போறாருங்க.

போர்50:
9,000-மும் வாங்காமல் 7,000 வாங்கிக்கொண்டு மீதி 2,000-க்குப் பின் டயர் போட்டுக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. முழு இலவசமாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சமாவது காசு போட்டு வாங்கிய வண்டிக்குத்தான் நேரத்துக்கு ஆயில் மாற்றுவார்கள்.

கேம்செயின்:
சாவி கொடுக்கும்போது ஒரு தாள் எழுதிக் கொடுங்க அண்ணே. பிஸ்டன் 0.50, வால்வு சீல், டைமிங் செட், கோன் செட் போட்ட தேதி, மீட்டர் எண், செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் பிளேட் கடைசியா எப்ப மாத்துனது. எஞ்சின் ஆயில் 900 மில்லி, 2,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்தணும், வாரம் ஒரு தரம் டிப்ஸ்டிக் பாக்கணும். இதுல தனி ஆயில் ஃபில்டர் கிடையாது. அடியில இருக்கிற ஜாலியும் (கம்பி வலை) கிளட்ச் பக்கம் சுத்துற ரோட்டாரும்தான் அழுக்கைப் பிடிக்குது, கிளட்ச் கவர் திறக்கும்போதெல்லாம் ரெண்டையும் கழுவச் சொல்லுங்க.

படிவம்29:
அதோடு விற்பனைச் சீட்டில் தேதி மட்டும் போதாது, ஒப்படைத்த மணியும் எழுதுங்கள். அன்று மாலையே ஒரு விபத்து என்றால் அந்த மணிக் கணக்குதான் பேசும். வாங்குபவரின் லைசென்ஸ் நகல், இருவர் கையெழுத்து, சாட்சி ஒருவர், சேஸ் எண், எஞ்சின் எண் தெரியும்படி ஒரு புகைப்படம். படிவம் 29-இன் ஒப்புகைச் சீட்டை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் வையுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் அவர் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி பாலிசியையும் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கான கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுங்கள். பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் புதுப் பெயர் வந்துவிட்டதைப் பார்க்கும் வரை உங்கள் பழைய கைபேசி எண்ணை நிறுத்தாதீர்கள்.

வைகைக்கரை:
வரும் திங்கள் ஆர்டிஓவுக்கு நேரம் குறித்தாயிற்று, அவரும் விடுப்பு சொல்லிவிட்டார். விலை 7,000, பின் டயர் புதுசு, இரண்டாவது சாவியும் டூல் பையும் சேர்த்து. மண்டபத்துக்கு மூட்டை எல்லாம் வேனில்தான் போகுமாம். வண்டியில் அவர் மட்டும்தான்.